ஆடிக்காற்றும் கார்புரேட்டரும்

ஆடி பிறந்துவிட்டால் கோலார் தங்கவயலில் காற்றுக்கே ஒரு நிறம் வந்துவிடும். சயனைடு மலைகளிலிருந்து கிளம்பும் சாம்பல் வெளுப்பு. வெங்கச்சங்கல்லை வெட்டியெடுத்து, மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மிச்சம்தான் அந்த மலைகள். 3 கோடி டன்னுக்கும் மேல் இருக்கும். கொடியில் காயும் வேட்டியில் படியும், சோற்றுப்பானையில் விழும். எங்கள் அப்பாவின் லோடு ஆட்டோவில் அது நேராகக் கார்புரேட்டருக்குப் போய்விடும்.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டைகளைச் சுரங்க லைன் வீடுகளின் கடைகளுக்கு ஏற்றிப்போகும் வண்டி அது. கையால் லிவரை இழுத்து ஸ்டார்ட் செய்யும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு காற்றாடி சுற்றி சிலிண்டரின் தகடுகள்மேல் காற்றை அடிக்கும், சூடு தணிய அவ்வளவுதான் வழி.

அதைப் பார்த்துக்கொண்டவர் தெருமுனையில் தகரக் கொட்டகை போட்டிருந்த மேஸ்திரி. முன்பு சுரங்கத்தின் கம்ப்ரஸர் ஹவுஸில் இருந்தவர். பாறையைத் துளைக்கும் மெஷினெல்லாம் அழுத்திய காற்றில்தான் ஓடும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மேலிருந்து காற்று இறங்கினால்தான் கீழே ஆள் நிற்க முடியும். காற்று குறைந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேஸ்திரி எஞ்சினையும் அப்படித்தான் பார்த்தார்.

வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் கார்புரேட்டரைத் தொடமாட்டார். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பார். நுனி கறுத்து எண்ணெய் கசிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கும். வெளுத்திருந்தால் அவர் முகம் மாறிவிடும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்தேதான் உள்ளே போகிறது. மெயின் ஜெட் அடைத்தால் எஞ்சின் சூடேறும், அதே நேரத்தில் பிஸ்டனுக்கு மசகும் குறையும். இப்படியே மேடேறினால் பிஸ்டன் ஜாம். "கறுப்பு புகை செலவு வைக்கும், வெள்ளை பிளக் வண்டியையே தின்னுடும்" என்பார்.

கார்புரேட்டரின் கப்பைக் கழற்றினால் அடியில் சாம்பல் நிறச் சேறு ஒரு விரற்கடை படிந்திருக்கும். அதைப் பெட்ரோலில் கழுவி, ஜெட்டை வாயில் வைத்து ஊதி, சூரியனுக்கு நேரே பிடித்து ஓட்டை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். கம்பி விட்டுக் குத்தினால் பித்தளை தேய்ந்து ஓட்டை பெரிதாகும், பிறகு எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் மைலேஜ் வராது. அதனால் குத்தவே விடமாட்டார். இன்றும் அதுதான் சரி என்பேன்.

ஒரு வருஷம் வண்டி பங்காருப்பேட்டை ரோட்டில் கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடும். கால்மணி நேரம் விட்டால் மறுபடி ஓடும். வேறொரு கடையில் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். அப்பா கலங்கிப்போய் மேஸ்திரியைக் கூடவே ஏற்றிக்கொண்டு கிளம்பினார், மூட்டைமேல் நான். வண்டி நின்றதும் மேஸ்திரி எஞ்சின் பக்கம் போகவேயில்லை. டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"அண்ணே, இப்ப இழுங்க."

ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. மூடியில் காற்று போக ஊசிமுனை அளவு துளை உண்டு. அதில் ஆயிலும் மலைத்தூசியும் சேர்ந்து காரை போட்டதுபோல் அடைத்திருந்தன. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று வராவிட்டால் பெட்ரோலும் நின்றுவிடும். மேஸ்திரி துளையைச் சுத்தம் செய்து என் கையில் மூடியைக் கொடுத்து, "ஊதுடா தம்பி, மறுபக்கம் காத்து வருதா பாரு" என்றார். வந்தது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளர்களின் நஷ்டஈடு பற்றி ஊரெங்கும் பேச்சு, நியாயமான பேச்சு. ஆனால் அவர்களின் சம்பள நாளை நம்பியிருந்த மளிகைக்கடைக்காரர், ஆட்டோக்காரர், மெக்கானிக் பற்றி எவரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. மேஸ்திரியிடம் தொழில் பழகிய பையன்கள் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் காலை ரயிலில் பெங்களூருக்குப் போகத் தொடங்கினார்கள். அப்பா வண்டியை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவர் எஞ்சினை ஓடவிட்டு, சைலன்ஸர் புகையைப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக ஓடும் வண்டியை ஏன் தள்ளுகிறீர்கள் என்று கேட்டார். அப்பா பேசவில்லை. மேஸ்திரிதான் பதில் சொன்னார்: "வண்டில ஒரு குறையும் இல்லீங்க. ஏத்தறதுக்கு ஊர்ல லோடு இல்ல."