அட்டை அடிப்பதும் டூல்பாத் போடுவதும்

ஆரணிப் பட்டுச் சேலையின் கரையில் ஓடும் அன்னமும் கொடியும் ஒரு காலத்தில் அட்டைகளாக இருந்தவை. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நூலால் கோத்த அட்டைகள் மாலைபோலத் தொங்கும். நெசவாளர் மிதியை அழுத்தினால் ஒரு அட்டை வந்து ஊசிகளுக்கு எதிரே நிற்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு சேர்ந்த கொக்கி தன் பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். கொக்கி விலகி, இழை கீழேயே கிடக்கும். தூக்கிய இழைகளுக்கு அடியில் நாடா ஓடும். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால் 6 அங்குலப் பூவுக்கு 360 அட்டை வேண்டும்.

என் சித்தப்பா அந்த அட்டைகளை அடித்தவர். கட்டம் போட்ட தாளில் வரைந்த டிசைனை ஒவ்வொரு வரியாகப் படித்து ஓட்டை போடுவார். அவருடைய மகன் சிஎன்சி ப்ரோக்ராமர். அம்பத்தூரில் மோல்டு செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் டூல்பாத் போட்டான். அப்பாவின் வேலை போய்விட்டது, பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான் என்றுதான் ஊரில் பேசுவார்கள். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. இயந்திரத்துக்கு வரிவரியாக என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே எழுதித் தருவது.

இது வெறும் ஒப்புமையும் இல்லை. லியோனில் 1725-ல் பசீல் பூஷோன் ஓட்டை போட்ட காகிதச் சுருளால் தறியை இயக்கிப் பார்த்தார். ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் அந்த வழியில் வந்த யோசனைகளைச் சேர்த்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டையை எடுத்துக்கொண்டது இந்தத் தறியைப் பார்த்துத்தான். ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த ஒரு படம் அவரிடம் இருந்தது. அதை நெய்ய 24,000 அட்டைகள் பிடித்தன. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் அட்டைகளை எண்ணும் இயந்திரத்தைப் பயன்படுத்தினார். 1940களின் கடைசியில் ஜான் பார்சன்ஸ், ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வளைவுப் புள்ளிகளை அட்டை படிக்கும் கணக்கு இயந்திரத்தில் போட்டார். அங்கிருந்து கிளம்பிய வேலைதான் 1952-ல் எம்ஐடியில் ஓட்டை போட்ட காகித டேப்பைப் படித்து ஓடிய மில்லிங் மெஷினாக முடிந்தது. இன்று சிஎன்சி ஆபரேட்டர் திரையில் பார்க்கும் ஜி-கோடு வரிகள் அந்த டேப்பின் வாரிசுகள். ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டு, ஜி02 என்றால் கடிகாரச் சுற்றில் வளை. ஒரு வரி, ஒரு அசைவு.

தம்பி போன வருடம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். ராணிப்பேட்டையிலும் அம்பத்தூரிலும் ஒன்றிரண்டு மெஷின் வைத்திருக்கும் சின்னப் பட்டறைகளுக்குத் தனியாக ப்ரோக்ராமர் வைத்துக் கட்டுப்படியாகாது. அவர்களுக்கு ஆரணியிலிருந்தே டூல்பாத் போட்டுக் கொடுப்பது அவன் திட்டம். எனக்கு ஒரு பட்டியல் அனுப்பினான். 24 கோர் ப்ராசஸர், 128 ஜிபி ராம், கேம் ஆடுபவர்கள் கனவு காணும் கிராஃபிக்ஸ் கார்டு. மொத்தம் 2.40 லட்சம். பணத்துக்குச் சித்தியின் வளையலும் ஆரமும் அடகுக்குப் போகும். "பெருசா வாங்கிட்டா அப்புறம் கவலையே இல்லண்ணா" என்றான். சாஃப்ட்வேர்காரனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கத் தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "உன் வேலையில நீ எங்க காத்திருக்கிற?"

கேம் மென்பொருளில் காத்திருப்பு நான்கு இடங்களில் வரும். டூல்பாத் கணக்குப் போடும்போது, மாடலைத் திரையில் சுழற்றும்போது, வெட்டுவதைச் சிமுலேஷனில் பார்க்கும்போது, கடைசியாக ப்ரோக்ராம் மெஷினுக்குள் போகும்போது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

கணக்குப் போடுவதில் பல டூல்பாத்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் கணக்குகள். முதல் கட்டர் எவ்வளவு உலோகத்தை மிச்சம் வைத்தது என்று தெரிந்தால்தான் இரண்டாவது கட்டர் எங்கே போகவேண்டும் என்று சொல்ல முடியும். 24 பேரைக் கூட்டி வந்தாலும் 360-ஆவது ஊடையை 359-க்கு முன்னால் ஓட்ட முடியாது. ஒன்றையொன்று சாராத டூல்பாத்களைப் பிரித்துப் போடலாம், புதிய மென்பொருள்கள் அதைச் செய்கின்றன. ஆனால் அடிப்படையில் ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் கணக்கு. சோதிப்பது சுலபம். உள்ளதிலேயே அதிக நேரம் பிடிக்கும் ஜாபைப் போட்டுவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கலாம். எட்டு கோர் கணினியில் மொத்த உழைப்பு 12, 13 சதவீதத்திலேயே நின்றால் ஒரே ஒரு கோர்தான் மாங்குமாங்கென்று உழைக்கிறது, மீதி ஏழும் சும்மா இருக்கின்றன என்று அர்த்தம். ராமும் அப்படித்தான். பற்றாமல் போனால் எல்லாமே நின்றுவிடும். போதுமான அளவுக்கு மேல் போட்டால் ஒரு நொடிகூட மிச்சமாகாது. கிராஃபிக்ஸ் கார்டு பெரும்பாலும் மாடலைச் சுழற்றத்தான்.

தம்பி பழைய கம்பெனி நண்பர் ஒருவரின் கணினியில் சோதித்துவிட்டுக் கூப்பிட்டான். 13 சதவீதம்.

அடுத்தது, கணினியே சம்பந்தப்படாத காத்திருப்பு. உருண்டை முனைக் கட்டரால் வளைந்த பரப்பைச் சீவும்போது இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே சின்ன மேடு நிற்கும். அதன் உயரம், ஓட்டங்களுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தைக் கட்டர் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய வரும். 6 மிமீ கட்டர், 0.3 மிமீ இடைவெளி என்றால் மேடு 4 மைக்ரான்கூட இல்லை. 100 மிமீ சதுரத்துக்கு 333 ஓட்டம். பயந்துகொண்டு 0.1 மிமீ வைத்தால் 1000 ஓட்டம். நிமிடத்துக்கு 1000 மிமீ வேகத்தில் 33 நிமிட வேலை 100 நிமிடம் ஆகிறது. பிறகு எப்படியும் பாலிஷ் போடப்போகிற பரப்பு என்றால், அந்த 67 நிமிடத்தையும் பட்டறைக்காரர் சும்மா கட்டுகிறார்.

சின்னப் பட்டறைகளில் இருப்பவை பெரும்பாலும் பழைய மெஷின்கள். நினைவகம் போதாததால் ப்ரோக்ராமை ஒயர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவார்கள். 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். ஒரு வரிக்கு 24 எழுத்து என்றால் நொடிக்கு 40 வரி. டாலரன்ஸை அளவுக்கு மீறி இறுக்கி 0.1 மிமீக்கு ஒரு புள்ளி வைத்தால் நொடிக்கு 4 மிமீ, நிமிடத்துக்கு 240 மிமீ. ப்ரோக்ராமில் 2000 என்று எழுதியிருந்தாலும் மெஷின் அடுத்த வரிக்காக நின்று நின்று போகும். நின்ற இடமெல்லாம் ஜாபில் தடம் விழும். ஆரணியில் 128 ஜிபி இருந்து என்ன பயன்?

இன்னொன்று ஆபத்தானது. ஜி00 என்பது வேகமாக நகர்த்தும் கட்டளை. திரையில் அது நேர்கோடாகத் தெரியும். பல கன்ட்ரோலர்களில் ஒவ்வொரு அச்சும் தன் முழு வேகத்தில் தனித்தனியாகக் கிளம்பும். தூரம் குறைந்த அச்சு முதலில் நின்றுவிடும், மற்றது தொடரும். பாதை நடுவில் உடைந்து வளைகிறது. அந்த வளைவில் கிளாம்ப் இருந்தால் கட்டர் போச்சு, சில நேரம் ஸ்பிண்டிலும் போச்சு. எந்த மெஷின் நேராகப் போகும், எது வளைந்து போகும் என்பது கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தெரியாது. அந்த மெஷினின் முன்னால் போய் நின்று கேட்டால்தான் தெரியும்.

சித்தப்பாவிடம் அப்படி ஒரு அறிவு இருந்தது. தாளில் அழகாக இருக்கும் பூவைப் பார்த்து, "இங்க ஜரிகை ரொம்ப தூரம் கட்டில்லாம ஓடுது. கட்டுற பொம்பள விரல்ல மாட்டும்" என்பார். நடுவில் ஒரு புள்ளி சேர்த்து இழையைக் கட்டுவார். எந்த வீட்டுத் தறியில் எந்தக் கொக்கி மக்கர் பண்ணும் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

பிறகு டிசைன்கள் கம்ப்யூட்டருக்குப் போயின. அட்டை அடிக்க மெஷின் வந்தது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்தபின் அட்டையே வேண்டாம், பென் டிரைவ் போதும். சித்தப்பாவின் வேலையை எடுத்துக்கொண்ட கம்ப்யூட்டர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டியிருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 240 கொக்கி, 360 ஊடை. மொத்தம் 86,400 இடங்கள், ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு அல்லது இல்லை. 10,800 பைட். 11 கேபிகூட இல்லை. போனில் அனுப்பும் காலை வணக்கப் படமே இதைவிடப் பெரியது. இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவ்ளோதானா?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வளவுதான். ஆனால் அந்த 10,800 பைட்டில் கட்டுப் புள்ளி எங்கே வரவேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. சித்தப்பாவிடம் அந்த அறிவு இருந்தும், மவுஸைக் கையில் கொடுத்து உட்கார வைக்க அப்போது யாரும் இல்லை. அவரைக் கழித்துவிட்ட கடைக்காரர், ஜரிகை தூக்கிக்கொண்ட டிசைன்களைத் திருத்தித்தரச் சொல்லி இரண்டு வருடம் கூலியில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி கடைசியில் 90 ஆயிரத்துக்குள் முடித்தான். கோர் குறைவு, ஒவ்வொரு கோரும் வேகமானது. 32 ஜிபி ராம், மேலும் 32 சேர்க்க இடம் விட்டு. நல்ல எஸ்எஸ்டி. மென்பொருள் கம்பெனி சோதித்துச் சரி என்று சொல்லும் பட்டியலில் இருந்து நடுத்தரமான ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டு மானிட்டர், ஒரு யுபிஎஸ். பட்டியலில் முதலில் இல்லாத ஒன்று சேர்ந்தது: மென்பொருளுக்கு முறையான லைசென்ஸ். அடுத்தவர் டிராயிங்கை நம்பிக் கொடுக்கும் தொழிலில் திருட்டு காப்பி வைத்திருப்பவனுக்குப் பெரிய கம்பெனி வேலை என்றுமே வராது. வளையல் அடகுக்குப் போனது, ஆரம் வீட்டிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு புதுப் பட்டறைக்கும் முதல் ப்ரோக்ராம் அனுப்புமுன் பஸ் ஏறிப் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வருகிறான். மெஷின்வாரியாக ஒரு நோட்டு போட்டிருக்கிறான்: நினைவகம் எவ்வளவு, எப்படி ஊட்டுகிறார்கள், ஜி00 நேரா வளைவா, இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் எதற்குப் பயப்படுகிறார். மாதம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. தை மாதம் நாலு பட்டறை, ஆடியில் ஒன்று. அம்பத்தூர் சம்பளத்தை இன்னும் எட்டவில்லை.

அந்தக் கணினி நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும், அப்போது வேறு வாங்கிக்கொள்ளலாம். நோட்டில் இதுவரை பதினொரு மெஷின்கள்.