கூடமும் கோணலாக இருக்கலாம்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. திறமையற்றவர் சொல்லும் சாக்கைக் குத்திக் காட்ட இதைவிடக் கூர்மையான சொல் இல்லை. ஆனால் கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் ஆடியவளின் கதி என்ன? இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு பாயிண்ட் 22 துப்பாக்கி.

மாணவர் படையில் என்னோடு பயிலும் முதலாண்டு மாணவி ஒருத்தி. படுக்கும் முறையிலோ, மூச்சடக்கி விசையை அழுத்துவதிலோ அவளிடம் குறை காண முடியாது. எனினும் 25 மீட்டரில் அவள் சுட்ட ஐந்து குண்டுகளும் ஐந்து பக்கம் போயின. “துப்பாக்கியில்தான் ஏதோ கோளாறு” என்றாள். உடனே மேற்படிப் பழமொழி அவள்மேல் பாய்ந்தது. “அண்ணா, நான் பேரை எடுத்துக்கிறேன்” என்று கண் கலங்கினாள்.

எங்கள் திருமுல்லைவாயிலில் ஒரு பெரியவர் இருக்கிறார். ராணுவத்தில் ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இதைச் சொன்னேன். “பொண்ணை மாத்தாதீங்க தம்பி. முதல்ல துப்பாக்கியை மாத்திப் பாருங்க” என்றார். அவ்வாறே செய்தோம். வேறொரு துப்பாக்கியில் அவள் குண்டுகள் நெருங்கி விழுந்தன. அவளுடைய துப்பாக்கியிலோ எங்கள் அணியின் முதல்வனே சிதறினான்!

காரணத்தைப் பெரியவர் விளக்கினார். பாயிண்ட் 22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் இல்லை; அடிவிளிம்பைச் சுற்றி உள்ளே இருக்கிறது. ஊசி விளிம்பைத் தட்டியதும் அது வெடிக்கும். குண்டு வெறும் ஈயம். மேலே மெழுகோ கொழுப்போ பூசியிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு முறை சுடும்போதும் கரி, மெழுகு, ஈயம் மூன்றும் குழலில் சிறிது தங்கும். தோட்டா அமரும் சேம்பர் அறை முடிந்து குழல் தொடங்கும் இடத்தில் இவை இறுகி வளையமாகிவிடும். குண்டு புறப்படும்போதே அங்கே உரசி நிலை குலையும். “நம்மூர் சாமி பேரே மாசிலாமணி. குழாயில மாசு இருக்கலாமா?” என்று சிரித்தார்.

இறுகிய அழுக்கு துணியை இழுப்பதால் மட்டும் போகாது. குழலில் கரைப்பான் எண்ணெயை நிரப்பிச் சில மணி நேரம் ஊற வைக்க வேண்டும். ஆனால் சேம்பரை அடைக்காமல் ஊற்றினால் அது விசைப் பகுதியிலும் மரக்கட்டையிலும் இறங்கிக் கெடுக்கும்.

“காலித் தோட்டாவையே வைத்து அடைக்கலாமே, தாத்தா?” என்றேன்.

“சுடும்போது அடைக்கும், ஊறும்போது அடைக்காது” என்றார். வெடிக்கும் கணத்தில் வாயுவின் அழுத்தம் பித்தளைக் கூட்டை விரித்துச் சுவரோடு ஒட்ட வைக்கிறது. அழுத்தம் போனதும் அது சுருங்கிவிடும். அதனால்தான் வெளியே எடுக்க முடிகிறது. அந்த மெல்லிய இடைவெளியில் எண்ணெய் கசிந்துவிடும். சைக்கிள் டியூப் ரப்பரும் ஆகாது. ஒரு துண்டை மண்ணெண்ணெயில் போட்டுக் காட்டினார். மறுநாள் உப்பிக் கிடந்தது. அரிஷ்டப் புட்டியின் தக்கையைச் சிறிதாகச் சீவி, குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றினார். அது கரைப்பானில் கெடாது. தக்கை ஆழமாகப் போனால் அழுக்கு வளையத்தையே மூடிவிடும். வாயை மட்டும் அடைக்க வேண்டும். பாதித் தக்கை வெளியே தெரிய வேண்டும். மறந்து உள்ளே விட்டால், அடுத்த முறை சுடும்போது குழலே வெடிக்கக்கூடும்.

பயிற்சியாளர் உஸ்தாத்தின் அனுமதியோடு படையின் ஆர்மரர் இதைச் செய்தார். நான் அருகில் நின்றேன். தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து, போல்ட்டைக் கழற்றி, தக்கையைச் செருகி, குழல் வாயை மேலாக நிறுத்திக் கரைப்பானை ஊற்றினார். மாலையில் கவிழ்த்தபோது மைபோல் கறுத்துக் கொட்டியது. ஈயத்தைக் கரைப்பான் கரைக்காது. பிடி தளர்ந்த ஈயத்தை வெண்கலத் தூரிகையே சுரண்டி எடுத்தது. பிறகு துணி, வெளிச்சத்தில் சோதனை, துருப்பிடிக்காமலிருக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். ஈயம் நஞ்சல்லவா?

அடுத்த பயிற்சியில், விரித்த கைக்கும் அடங்காத அவளுடைய ஐந்து துளைகளும் உள்ளங்கைக்குள் அடங்கின. பழமொழி சொன்னவர்கள் கை தட்டினார்கள். அவள் பெயர் பட்டியலிலேயே இருக்கிறது.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாளே 50 மீட்டர் போட்டியில் வெண்கலம் வென்றதும் இந்த 22 இனத் துப்பாக்கியால்தான். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அத்தகைய இலக்கிற்குக் கண்ணும் கையும் மட்டும் போதா. குழலும் தூய்மையாக இருக்க வேண்டும்.

நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே! பின்வரிசையில் அமர்ந்து தவறாக விடை எழுதும் மாணவனுக்குக் கரும்பலகை தெரியாமலிருக்கலாம். காலையில் உண்ணாமலே ரயிலேறி வந்தவளுக்குப் பாடம் காதில் ஏறாமலிருக்கலாம். ‘முடியாதவர்’ என்று தீர்ப்புச் சொல்லுமுன், குழலை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போமே!