மெல்லப் பிரிதல்

பிரிவு என்றவுடன் தமிழ் பயில்வோர்க்குப் பாலைத்திணையே நினைவிற்கு வரும். எமக்கோ இவ்வாண்டு முதலாக ஒரு போல்ட்டும் உடன் நினைவிற்கு வருகின்றது. அன்பர்கள் நகையாது சற்றே செவிசாய்ப்பாராக.

எம் தந்தையார் எம்மூரில் லாரி பழுதுபார்க்கும் பட்டறை நடத்துபவர். யாம் பொறியியல் பயில வேண்டுமென்பது அவர் விருப்பம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்வதென்பது எம் துணிபு. புறப்பட்ட அன்று காலையில் இருவரும் சுடுசொற் பேசினோம். இனிப் பட்டறை வாசலை மிதியோம் என்றும் சொல்லிவிட்டோம். பஸ் ஏறிய பின்னும் எம் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அதன்பின் பல மாதங்கள் அன்னையாரோடு மட்டுமே பேசிவந்தோம்.

விடுதியில் எம்மோடு உறையும் பௌதிக மாணவரொருவர், விண்கலங்களின் விடுவிப்புக் கருவிகளைப் பற்றி ஓரிரவு விளக்கினார். ராக்கெட்டு எழும்பும்போது உண்டாகும் குலுக்கத்தைத் தாங்கும்பொருட்டு, சூரியத் தகடுகளும் ஆன்டெனாக்களும் கலத்தோடு இறுகப் பிணிக்கப்படுகின்றன. விண்வெளியை அடைந்தபின் அப்பிணிப்பு அவிழ்தல் வேண்டும், அவிழாவிடிற் கேடு. 1989இல் வியாழனை நோக்கிச் சென்ற கலிலியோ கலத்தின் பெரிய ஆன்டெனா 1991 ஏப்ரலில் முழுதும் விரியாது நின்றது. சிறு ஊசிகள் சில பற்றிக்கொண்டமையே காரணமென அறிஞர் கருதினர்.

வெடிமருந்தாற் போல்ட்டைத் தகர்ப்பது நெடுநாளைய வழக்கு. அஃது எளிதில் தவறாது. ஆயின் அதனருகே எழும் அதிர்ச்சி புவியீர்ப்பின் ஆயிரக்கணக்கான மடங்காகும். வினாடியின் ஆயிரத்திற் சில கூறுகளே நிலைக்கும் அவ்வதிர்ச்சி, குவார்ட்ஸ் படிகம், பீங்கான் போன்ற நொறுங்கும் பொருள்களைப் பிளந்துவிடக் கூடும்.

ஆதலின் வேறு வழி தேடினர். நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகமொன்று, அழுத்தி உருமாற்றப்படினும், சூடேற்றியவுடன் பழைய உருவை அடையும். அவ்வுலோக உருளை நீண்டு, வெட்டுவாய் இட்ட போல்ட்டை இழுத்து முறிக்கும். 1994இல் நிலவைச் சுற்றிய கிளமெண்டைன் கலத்தின் சூரியத் தகடுகள் இங்ஙனமே விடுபட்டன. வெடியில்லை, எனினும் அதிர்ச்சி முற்றும் ஒழியவில்லை. இறுகிய போல்ட்டினுள் அடங்கிய விசை ஒரே கணத்தில் வெளிப்படுதலே அதற்குக் காரணம். எனவே, அவ்விசையைச் சுழற்சியாக மாற்றி, நட்டுச் சுழன்று கழலும்படி வேறொரு கருவியும் செய்தனர்.

இவற்றைச் சோதிக்கும் முறை எம் மனத்தைக் கவர்ந்தது. பறக்கும்போது தாங்கவேண்டிய அளவிற்கே போல்ட்டை இறுக்குவர். சுற்றிலும் அதிர்வளக்கும் கருவிகளை ஒட்டுவர். காற்றற்ற அறையில், வெம்மையிலும் கடுங்குளிரிலும் விடுவித்துப் பார்ப்பர். வினாடிக்கு 100 முதல் 10,000 வரையுள்ள அதிர்வுகளை ஆராய்வர். வெடித்தது வெடித்ததே, அதன் இனத்தைச் சோதித்து, சோதியாத ஒன்றை நம்பவேண்டும். மீளப் பூட்டத்தக்க கருவியையோ சோதித்த பின்னரும் அனுப்பலாம். 2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் வெயில்மறைப்பை விரிக்க, 107 விடுவிப்புக் கருவிகளும் தவறாது இயங்கவேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்றும் தவறவில்லை.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. வெடிமருந்து மட்டுமே குற்றமன்று. அடக்கிவைத்த இறுக்கமும் குற்றமே. யாம் ஈராண்டுகளாக எம் விருப்பத்தைத் தந்தையாரிடம் சிறிதும் வெளியிடாது இருந்து, ஒரே காலையில் உடைத்தோம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையிற் பட்டறை வாசலை மிதித்தோம். என்ன பேசுவதென அறியாது, இக்கருவிகளின் கதையையே சொன்னோம். தந்தையார் கைவேலையை நிறுத்தாமற் கேட்டார். பின்பு, “தம்பி, பாரம் நிற்கும்போது லாரிப் பட்டையின் போல்ட்டை நாங்கள் தட்டிக் கழற்றுவதுண்டா? முதலில் ஜாக்கி வைத்துப் பாரத்தைத் தாங்கிக்கொள்வோம், பிறகு சுற்றுச் சுற்றாகத் தளர்த்துவோம்” என்றார்.

யாம் தமிழ் பயில்வதை அவர் மனமார ஏற்றாரென்று இன்றும் சொல்லத் துணியோம். ஆயினும் விடுமுறை முடிந்த நாளில் எம் பெட்டியைத் தாமே சுமந்து பஸ் நிலையம் வரை வந்தார். “அடுத்து எப்போது வருவாய்?” என்றார். “பொங்கலுக்கு வருகிறேன் அப்பா” என்றோம். பஸ் நகர்ந்தது. இம்முறை எம் கைகள் நடுங்கவில்லை.