மடிப்பில் கண்ட கணக்கு

வேட்டியை மடிக்கிறோம்; கடிதத்தை மடிக்கிறோம். மடிப்பிற்குள் கணிதம் உறைவதைப் பள்ளங்கியில் என் அத்தாவின் மளிகைக் கடையில்தான் அறிந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்றேன். படிப்பையே விட்டுவிட எண்ணி, விடைத்தாளை மடித்து மறைத்தேன். ஆறு மடிப்பில் 64 அடுக்குகள். ஏழாவதற்குத் தாள் இணங்கவில்லை. பழந்தாள் கட்டினுள் செருகிவிட்டேன். மறுநாள் மலைப்பூண்டு பொட்டலம் கட்ட அத்தா எடுத்தது அத்தாளையே!

பூண்டு வாங்க வந்திருந்த கணித ஆசிரியர் அதை வாங்கி, ஒரு முக்கோணம் கத்தரித்தார். நீண்ட பக்கத்தை அடியாகக் கொண்டு, அதற்கு இணையாக மடித்து, உச்சியை அடிக்கோட்டில் படியவைத்தார். மற்ற இரு முனைகளையும் அப்புள்ளிக்கே மடித்தார். மூன்று கோணங்களும் இடைவெளியின்றி நேர்கோட்டில் அமர்ந்தன. தேர்வில் நான் நிறுவத் தவறிய 180 பாகை அதுவே.

“இம்புட்டுத்தானா கணக்கு? நான் தெனமும் மடிக்கிறதுதானே!” என்றார் அத்தா. அன்று என் அச்சம் அகன்றது, படிப்பும் தொடர்ந்தது.

பின்னர்க் கல்லூரி நூலகத்தில் சுந்தரராவ் அவர்களின் நூலைக் கண்டேன். காகித மடிப்பாலேயே வடிவியல் கற்பிக்கும் அந்நூல் 1893-இல் சென்னையில் வெளியானது. ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதனைத் தம் நூலில் சுட்டினார். 1901-இல் சிகாகோவிலும் பதிப்பிக்கப்பெற்றது. ஜப்பானிய அறிஞர் கோரியோ மியூரா வகுத்த மடிப்புமுறையோ 1995-இல் விண்வெளியில் சூரியத் தகட்டினை விரித்தது.

இன்று நானும் கணித ஆசிரியன். கணக்கிற்கு அஞ்சும் மாணவன் கையில் முதலில் ஒரு வெற்றுத்தாளையே தருகிறேன்.