மயிலையில் ஒரு ஜப்பான் தேடல்

சிலருக்குப் பட்டுப்புடவை ஆசை. எனக்குப் பழைய ஜப்பான் கைக்கடிகாரம். மயிலாப்பூர் தெற்கு மாடவீதிக்குக் காய்கறி வாங்கப் போனாலும், வாட்ச் ரிப்பேர் கடை தென்பட்டால் கால் தானாக நின்றுவிடும்!

தேடுவது பெரும்பாலும் சீக்கோ 5. 1963-ல் வந்தது. சாவி கொடுக்க வேண்டாம். கை அசைவிலேயே ஓடும். கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரியும்.

ஆனால் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பழைய டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து விற்பதுண்டு. ஆறு மணிக்குக் கீழே உள்ள பொடி எழுத்து தடித்தோ கோணலாகவோ இருந்தால் உஷார்!

அப்பாவின் சீக்கோவை தி.நகரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "டயலைப் புதுசாக்கிடட்டுமாம்மா?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாங்க, சுத்தம் பண்ணி எண்ணெய் மட்டும் போடுங்க" என்றேன். மஞ்சளேறிய அந்த முகத்தைத்தானே அப்பா முப்பது வருஷம் பார்த்தார்?

ஜப்பான் வாட்சுக்கு எங்கே போவது என்கிறீர்களா? உங்கள் வீட்டு பீரோவில் எச்.எம்.டி. இருக்கிறதா, பாருங்கள். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி ஒத்துழைப்போடு பெங்களூரில் பிறந்தது அது. அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்துவிட்டது. பழைய சாமானோடு போடும்முன் ஒரு தரம் சாவி கொடுத்துப் பாருங்களேன்!