பில்டரில் இறங்கிய பரிசு

2022 டிசம்பர் முதல் வாரம். நியூ ஜெர்ஸியில் என் மகள், நான் சீதனமாகக் கொடுத்த பித்தளை பில்டரில் கெட்டி டிகாக்ஷன் இறக்கி, சர்க்கரை போட்டுக் காய்ச்சினாள். ஆறியதும் அதில் என்ன ஊற்றினாள், தெரியுமோ? வோட்கா!

"சூட்டில் விட்டால் ஆவியாகிவிடும், அம்மா" என்று எனக்குப் பாடம் வேறு! வெனிலாக் காயைக் கீறிப் போட்டு, மூன்று வாரம் இருட்டு அலமாரியில் வைக்க வேண்டுமாம். கிறிஸ்துமஸ் பரிசாம்!

"நம் பில்டரிலா இந்தக் கண்றாவி?" என்று சீறினேன்.

"பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு, அம்மா. விசா கிடைக்காமல் என் பிரசவத்துக்கு நீ வரமுடியவில்லையே, அப்போது பத்து நாள் சூப் வைத்துக் கொடுத்தவள் அவள்தான்."

நீங்களே சொல்லுங்கள், அதற்குமேல் நான் என்ன பேச? பண்டிகையன்று புட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ருசி எப்படி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்!