கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து!

சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது மாத்திரை இல்லை சார், பட்டாசு மருந்துதான்! அறைக்கு நாலு பேர், கலவைக்கு இவ்வளவுதான் அளவு என்று சட்டமே உண்டு. அந்த ஊர்க்காரனான நான், ஒரு சொட்டுக் கண் மருந்துக்கு நடுங்கிப் போனேன்.

காரணம், என் மகள். 31-வது வாரத்திலேயே அவசரமாய்ப் பிறந்துவிட்டாள். எடை 1,400 கிராம். எங்கள் ஆபீஸ் லெட்ஜர் இதைவிடக் கனம்!

25-வது நாள் டாக்டர் சொன்னார்: "மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டிடுங்க. கண் பாப்பாவைப் பெரிசாக்க மருந்து ஊத்துவாங்க."

அப்பத்தா குறுக்கே பாய்ந்தாள். "பாப்பா பெரிசாக மருந்து எதுக்குய்யா? தாய்ப்பால் போதாதா?"

டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுசாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்தால், விழித்திரையையே பிய்த்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, 30 நாளுக்குள் பரிசோதனை அவசியம்.

சரி, சொட்டு மருந்துக்கு ஏன் பயம்? அதில் இருப்பது ட்ரோபிகமைடும் ஃபினைல்எஃப்ரினும். இரண்டாவது, ரத்தக் குழாயைச் சுருக்கும். உடம்புக்குள் அதிகம் போனால் ரத்த அழுத்தம் ஏறலாம். இதயத் துடிப்பு மாறலாம், மூச்சு நின்று நின்று வரலாம், வயிறு உப்பலாம். நான் 60 கிலோ. அன்றைக்கு அவள் ஒன்றரைக் கிலோ. எனக்கு ஒரு சொட்டு என்றால், அவளுக்கு அது 40 சொட்டு!

"பேசாம திரும்பிப் போயிரலாமாங்க?" என்றாள் மனைவி.

எனக்கும் கால் வாசல் பக்கம்தான் இழுத்தது. அப்போதுதான் ஒரு வழக்கு ஞாபகம் வந்தது. 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராமில் பிறந்த பெண் குழந்தை. இந்தப் பரிசோதனை நடக்கவில்லை, பார்வை போய்விட்டது. 2015-ல் சுப்ரீம் கோர்ட் கொடுக்கச் சொன்ன நஷ்டஈடு சுமார் 1 கோடியே 80 லட்சம். கண்ணை எந்தக் கோர்ட் திருப்பித் தரும்?

உள்ளே போய் நர்ஸம்மாவிடம் கேட்டேன்: "பெரியவங்களுக்கு ஊத்துற மருந்தாம்மா இது?"

அவர் கோபிக்கவில்லை. பெரியவர்களுக்கான பாட்டிலில் ஃபினைல்எஃப்ரின் 5 சதவிகிதம். குழந்தைக்கு அதைப் பாதியாக்கி 2.5 சதவிகிதம்தான் என்றார். 10 சதவிகித மருந்து பக்கத்திலேயே வரக்கூடாதாம். கண்ணுக்கு ஒரே சொட்டு. வழிந்ததை உடனே பஞ்சால் துடைத்தார். தோல் வழியாகவும் உடம்பில் ஏறுமாம். மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டார். மருந்து மூக்குக்குள் இறங்காமல் இருக்க அந்த வித்தை! கால் மணி கழித்து இன்னொரு சொட்டு. பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் நிறுத்தம். மூச்சு, நெஞ்சுத் துடிப்பு மீது கண் வைத்தபடி ஒருவர்.

"வீட்ல வயிறு உப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ, உடம்பு நீலமானாலோ ஓடி வந்துருங்க" என்றார்.

ரத்தக் குழாய் இன்னும் வளர வேண்டும், இரண்டு வாரத்தில் மறுபடி வாருங்கள் என்றார் கண் டாக்டர். வளர்ச்சி முடியும் வரை போனோம். இன்றைக்கு என் மூக்குக் கண்ணாடியைக் குறி பார்த்துப் பறிக்கிறாள்!

தம்பிகளே, உங்கள் வீட்டிலோ, அக்கா வீட்டிலோ குறைமாதப் பிள்ளை பிறந்தால் மருந்தின் அளவைத் தைரியமாகக் கேளுங்கள். ஆனால் பயந்து பரிசோதனையைத் தள்ளாதீர்கள். நாடு முழுக்கக் காலண்டர் அச்சடித்து அனுப்புகிற ஊர் நம்முடையது. அதில் 30-வது நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட முடியாதா என்ன?